மணலுக்கு ஒரு வழி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் மேல்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பெய்கிற மழை சிற்றோடைகளாகக் கூடி ஐயாறு ஆகிறது. அறப்பளீசுவரர் கோயில் பக்கமாக ஓடி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுந்து, காட்டுக்குள் புகுந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் தரையைத் தொடுகிறது. சில கிலோமீட்டருக்குள் இவ்வளவு இறங்கும் நீரைக் கண்டால் மின்பொறியாளருக்குக் கை சும்மா இருக்காது. தமிழ்நாடு மின்வாரியத்தின் 20 மெகாவாட் கொல்லிமலை நீர்மின் திட்டம் அப்படிப் பிறந்ததுதான். மேலே ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டி, நீரைத் திருப்பி ஒன்றுசேர்த்து, குழாய் வழியாக மலையடியில் புளியஞ்சோலைப் பக்கத்து மின்நிலையத்துக்கு இறக்குவது அதன் ஏற்பாடு. அருவிக்கு என்ன ஆகும், கீழே பாசனத்துக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விகள் எழுந்தன, எழ வேண்டியவைதான். இந்த அத்தியாயம் அவ்வளவாக யாரும் கேட்காத இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தடுப்பணைகளுக்கு நீரோடு சேர்ந்து வரும் மணல் எங்கே போகும்?

மலையோடையில் நீர் தனியாக வருவதில்லை. கொல்லிமலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. காலங்காலமாக வெயிலும் மழையும் அதைச் சிதைத்ததில் மேலே செம்மண் உண்டாயிற்று. சில இடங்களில் பாக்சைட் உண்டாயிற்று. (அந்தப் பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலமும் இருந்தது.) மற்ற கனிமங்கள் மண்ணாக மாறிய பிறகும் மாறாமல் நிற்பது குவார்ட்ஸ். நாம் மணல் என்று அள்ளுவதில் பெரும்பங்கு அதுதான். மழை பெய்தால் செம்மண், குறுமணல், கப்பிக்கல், பெருங்கல் எல்லாம் ஓடையில் இறங்குகின்றன. எது எவ்வளவு தூரம் போகும் என்பதை நீரின் வேகம் முடிவு செய்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு. ஓடும் நீர் ஒரு கல்லைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தையும் கல்லின் முகப்பரப்பையும் பொறுத்தது. கல் தன் எடையால் எதிர்க்கிறது. எடையோ அளவின் கனத்தைப் பொறுத்தது. இரண்டையும் சமப்படுத்தினால், நீர் உருட்டக்கூடிய கல்லின் விட்டம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று வரும். அப்படியானால் அதன் எடை வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்விகிதம். வேகம் இரு மடங்கானால் உருளும் கல்லின் எடை 64 மடங்கு. 19ஆம் நூற்றாண்டிலேயே பொறியாளர்களுக்குத் தெரிந்த விதி இது. கோடை முழுக்கக் கூழாங்கல்லைக்கூட அசைக்காமல் கிடந்த ஓடை, ஒரே இரவு மழையில் ஆள் தூக்க முடியாத பாறையைத் தடுப்பணைக்கு முன்னால் கொண்டுவந்து போடுவது இதனால்தான். சராசரி நீரோட்டத்தை வைத்து மணலைக் கணக்கிடுகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். ஆண்டின் மணலில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெள்ள நாட்களில் வந்துவிடுகிறது.

வருகிற மணலும் நீர் முழுக்க ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை. கல்லும் பருமணலும் அடியை ஒட்டி உருண்டும் தாவியும் வருகின்றன. நடுத்தர மணல் அடிக்கு அருகே அடர்த்தியாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கிறது. களிமண் மட்டும்தான் மேலிருந்து கீழ்வரை கலந்து, நீருக்கு நிறம் கொடுக்கிறது. அமெரிக்கர் ஹன்டர் ரவுஸ் 1937இல் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். நமக்கு அதன் சாரம் போதும்: வெள்ளத்திலும் மேல்நீர் மணல் குறைந்தது, அடிநீர் மணல் மிகுந்தது. நீரெடுக்கும் வாயை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்ற கலை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

தடுப்பணை கட்டியதும் என்ன நடக்கிறது? பின்னால் நீர் தேங்குகிறது, வேகம் குறைகிறது, மணல் படிகிறது. பெரிய அணைக்குப் பின்னால் உள்ள நீர்த்தேக்கம் பல பத்தாண்டுகளுக்கு மணலை வாங்கிக்கொள்ளும். மலையோடைத் தடுப்பணைக்கு அந்த இடவசதி கிடையாது. ஓரிரு பருவத்திலேயே அணையின் முகடுவரை மணலும் கல்லும் நிரம்பிவிடும். இதைத் தோல்வி என்று நினைத்துப் பலர் தூர்வாரக் கிளம்புகிறார்கள். நிரம்புவது இயற்கை, அதைத் தவிர்க்க முடியாது. நிரம்பிய பிறகும், நீரெடுக்கும் வாயான தலைமதகுக்கு முன்னால் மட்டும் பள்ளம் இருக்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பாளர் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை.

அதற்கு முதல் கேள்வி, எந்தக் கரை? ஆறு வளையும் இடத்தில் நின்று பார்த்தால் உட்கரையில் மணல்திட்டும் வெளிக்கரையில் ஆழமும் இருக்கும். ஏன் அப்படி என்பதை 1876இல் ஜேம்ஸ் தாம்சன் (கெல்வின் பிரபுவின் அண்ணன்) விளக்கினார். ஐம்பது ஆண்டு கழித்து 1926இல் ஐன்ஸ்டைன் அதே கேள்வியை ஒரு தேநீர்க் கோப்பையிலிருந்து தொடங்கினார். தேநீரைக் கரண்டியால் சுழற்றிவிட்டால் அடியில் உள்ள தேயிலைத் துகள் விளிம்புக்கு ஓடாமல் நடுவில் வந்து குவிகிறது. சுழலும் நீர் வெளிப்புறம் ஒதுங்குவதால் விளிம்பில் மட்டம் சற்று உயர்ந்து, அங்கிருந்து உள்நோக்கி ஓர் அழுத்தம் உண்டாகிறது. மேல்நீர் வேகமாகச் சுழல்வதால் அந்த அழுத்தத்தை எதிர்த்து வெளியே போகிறது. அடிநீரோ தரையில் உரசி வேகம் இழந்தது. அதனால் எதிர்க்க முடியவில்லை, துகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஆற்று வளைவிலும் இதே கதை. மணல் நிறைந்த அடிநீர் உட்கரைக்குப் போகிறது. தெளிந்த மேல்நீர் வெளிக்கரைக்கு வருகிறது. ஆகவே மதகின் இடம் வெளிக்கரை, வளைவு முற்றும் இடத்துக்குச் சற்றுக் கீழே.

நேராக ஓடும் ஆறானால் எந்தக் கரையும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். ஜெர்மனியில் புல்லே என்பவர் ஆய்வகத்தில் நேரான ஒரு கால்வாயிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை பிரித்துப் பார்த்தார். அதே 1926இல் வெளியான அந்த முடிவு பொறியாளர்களைத் திடுக்கிட வைத்தது. மொத்த நீரில் பாதியை வாங்கிய கிளை, அடியில் உருண்ட மணலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாங்கிக்கொண்டது. காரணம் எளிது. வேகமாகப் போகும் மேல்நீருக்குச் சட்டென்று திரும்ப வராது; தயங்கித் தயங்கிப் போகும் அடிநீர் சுலபமாகத் திரும்பிவிடும். நேரான ஆற்றில் கரையை வெட்டி ஒரு மதகு வைப்பதே ஒரு வளைவை உண்டாக்குவதற்குச் சமம். மதகு அந்த வளைவின் உட்கரையில், அதாவது மணலின் வழியிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. ஊர்ப்புறத்தில் எத்தனையோ வாய்க்கால் தலைப்புகள் ஆண்டுதோறும் மேடிடுவதற்குப் பராமரிப்பை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

வளைவின் இந்த இயல்பைச் சமன்பாடுகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கையாண்டவர்கள் உண்டு. சீனாவின் சிச்சுவானில் மின் என்னும் பெயருடைய ஆற்றின் மேல் லி பிங் என்பவர் அமைத்த துஜியாங்யான் ஏற்பாடு கி.மு. 256ஐ ஒட்டியது. ஆற்றை நடுவே பிளந்து, வெளிவளைவில் ஆழமான உள்வாய்க்காலை வைத்து, அதையும் மீறி வரும் மணலை ஒரு தாழ்ந்த கலிங்கு வழியே வெள்ளத்தோடு மறுபடி ஆற்றுக்கே தள்ளிவிடுகிறார்கள். எவ்வளவு ஆழம் தூர்வார வேண்டும் என்பதற்கு அடையாளமாகப் பிற்காலத்தில் ஆற்றடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்தார்கள். இன்றும் அது பாசனத்துக்கு நீர் கொடுக்கிறது.

நம்மிடம் கல்லணை. காவிரியை விடக் கொள்ளிடம் தாழ்ந்தது, சரிவும் அதிகம். தடுக்காவிட்டால் நீர் அங்கே போய்விடும். தடுத்தால் காவிரியில் மணல் ஏறும். கல்லணையின் வளைந்த உருவமும் சரிந்த முகடும் மணலைக் கொள்ளிடம் பக்கம் தள்ள உதவின என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணையை உயர்த்தியபோது காவிரிப் படுகையும் கூடவே உயர்ந்தது. பாசனம் சுருங்கியது. 1828இல் காவிரிப் பணிக்கு வந்த ஆர்தர் காட்டன், 1830 வாக்கில் கல்லணையில் மணல்போக்கிகளைத் திறந்தார். அணையின் அடிமட்டத்தில் திறப்புகள். வெள்ளத்தில் அவற்றைத் திறந்தால் அணைமுன் கிடக்கும் மணல் கொள்ளிடத்துக்குப் போய்விடும். பிறகு 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டத் தொடங்கினார், அங்கேயும் மணல்போக்கிகள். இம்முறை விளைவு எதிர்ப்பக்கம் போயிற்று. காவிரிக்குள் நீர் மிகுதியாகப் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பித்ததால், 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரி வாயில் படுகைமட்டத்தில் குறுக்குச்சுவர் போட வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரே ஆற்றில் மணல் மிகுந்ததால் வந்த சிக்கலும் மணல் குறைந்ததால் வந்த சிக்கலும்! தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மணலை அடக்க நினைக்காமல் அனுப்பிவைக்கும் பண்பையும் அவர் காவிரியிடம்தான் கற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏரிகளிலும் இந்த அறிவு இருந்தது. நம் பழைய ஏரிகளில் கரையிலிருந்து தள்ளி, நீருக்குள் கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் குமிழித்தூம்பைப் பார்த்திருப்பீர்கள். அதில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. தூம்பைத் திறந்தால் மேல்துளையில் நீர் இறங்கும்போதே, கீழ்த்துளை வழியாக அடிச்சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி வயலுக்குப் போகும். ஏரிக்கு வேண்டாத வண்டல் வயலுக்கு உரம். மேல்நீரையும் அடிநீரையும் பிரித்துப் பார்க்கும் ரவுஸின் யோசனைதான் இதுவும், சமன்பாடு இல்லாமல்.

பஞ்சாப் கால்வாய்களில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். ஆற்றின் அடிநீரை மட்டும் தலைமதகுக்கு முன்னால் தாழ்வான சுரங்கங்களுக்குள் வாங்கி, மணல்போக்கி வழியே அணைக்குக் கீழே விட்டுவிடும் யோசனையை எல்ஸ்டன் என்ற பொறியாளர் 1922இல் சொன்னார். 1934இல் செனாப் நதியின் கங்கி தலைமதகில் அது நிறைவேறியது. சுரங்கத்தின் கூரைக்கு மேலே ஓடும் தெளிந்த நீர் கால்வாய்க்கு. இன்று பெரிய தலைமதகுகளில் இது வழக்கமான ஏற்பாடு. 1916இல் தொடங்கி, இன்று புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய அணைகளின் சிறு மாதிரிகளைத் திறந்த வெளியில் கட்டி, நீரும் மணலும் ஓடவிட்டுப் பார்த்துத்தான் பல திட்டங்களை முடிவு செய்கிறார்கள்.

கொல்லிமலைக்குத் திரும்புவோம். செங்குத்தான சிற்றோடைக்குச் செனாப் நதியின் ஏற்பாடு பொருந்தாது. இங்கே ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் கண்ட வழி உதவும். டிரோல் பகுதியின் பெயரால் அறியப்படும் இந்த வகையில், தடுப்பணையின் முகட்டிலேயே ஒரு பள்ளவாய்க்கால் வெட்டி, அதன் மேல் இரும்புக் கம்பிகளை ஓடும் திசையில் சரிவாகப் பதிக்கிறார்கள். ஓடைநீர் கம்பிகளுக்கு இடையே கீழே விழுகிறது. கல்லும் சருகும் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு அணையைத் தாண்டிப் போகின்றன. மதகு கிடையாது, அசையும் பாகம் கிடையாது. வெள்ளத்தன்று யாரும் அங்கே போக வேண்டியதும் இல்லை. பெரிய குறை இதுதான்: கம்பி இடைவெளியை விடச் சிறிய மணல் முழுவதும் உள்ளே வந்துவிடும். மேல்நீரை எடுத்துக்கொள் என்ற விதியையே இது தலைகீழாக்குகிறது; ஆற்றின் அடிநீர்தான் முதலில் உள்ளே விழுகிறது. ஆகவே இதற்குப் பின்னால் ஒரு மணல்படிவுத் தொட்டி கட்டாயம்.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? ஓர் உதாரணத்துக்கு 500 மீட்டர் உயர வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். 20 மெகாவாட் எடுக்க நொடிக்குச் சுமார் நாலரை கன மீட்டர் நீர் வேண்டும். தொட்டியில் நீர் நொடிக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது; நகர்ந்தால் மணல் படியாது. அப்படியானால் 3 மீட்டர் ஆழம், ஏழரை மீட்டர் அகலம். 0.2 மில்லிமீட்டர் மணல்துகள் தேங்கிய நீரில் நொடிக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இறங்கும். 3 மீட்டர் இறங்க 150 நொடி. அதற்குள் நீர் 30 மீட்டர் நகர்ந்திருக்கும். 30 மீட்டர் நீளம் போதும். சுழலையும் கலக்கத்தையும் நினைத்து இரு மடங்காக்கிக்கொள்வார்கள். மலையில் இது கட்டக்கூடியதே.

சரி, இன்னும் நுண்ணிய வண்டலையும் பிடித்துவிடலாமே? துகளின் அளவு பத்தில் ஒன்றானால், அதாவது 0.02 மில்லிமீட்டரானால், இறங்கும் வேகம் பத்தில் ஒன்று ஆவதில்லை. ஐம்பதில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. தொட்டி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீள வேண்டும். இரண்டு மைக்ரான் களிமண் துகள் ஒரே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் பிடிக்கும். ஆகவே உலகமெங்கும் மின்திட்டங்களில் 0.2 மில்லிமீட்டரை ஒட்டி ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ளதை விட்டுவிடுகிறார்கள். செந்நிறமாக வரும் நீரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நிறம் கொடுக்கும் களிமண், மின்நிலையத்தில் நீர் சுழற்றும் சக்கரத்துக்குப் பெரிய கேடு செய்யாது. கேடு செய்வது நிறமே கொடுக்காத குவார்ட்ஸ். 500 மீட்டர் இறங்கிய நீர் பெல்டன் சக்கரத்தின் கிண்ணத்தில் மோதும்போது அதன் வேகம் நொடிக்கு 99 மீட்டர், மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். மோஸ் அளவுகோலில் 7 கடினம் உள்ள துகள் அந்த வேகத்தில் பட்டால் துருப்பிடிக்காத எஃகும் தேயும். (அந்தச் சக்கரத்தைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில்.)

தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் தப்ப முடியாது என்பதற்கு இமாச்சலத்தில் சட்லெஜ் நதியின் நாத்பா ஜாக்ரி சாட்சி. 1500 மெகாவாட் மின்நிலையம். மலைக்குள் குடைந்த நான்கு மணல்படிவு அறைகள், ஒவ்வொன்றும் 525 மீட்டர் நீளம், 27.5 மீட்டர் ஆழம். உலகின் மிகப் பெரியவற்றில் சேர்ந்தவை. ஆனாலும் சக்கரங்கள் தேய்ந்தன. வெள்ளத்தில் வண்டல் அளவு மீறும்போது நிலையத்தையே நிறுத்திவிட வேண்டியிருக்கிறது. நிறுத்துவதும் ஒரு நுட்பம்தான். மிக மோசமான சில நாட்கள் மின்சாரத்தை விட்டுக்கொடுப்பது, ஆண்டு முழுக்கச் சக்கரத்தைப் பழுதுபார்ப்பதை விட மலிவு.

தொட்டியில் படிந்த மணலையும் யாராவது வெளியேற்ற வேண்டும். நம் உதாரணத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் மணல் வருகிறது என்றால், ஒரு நாளில் சுமார் 390 டன். பத்து டன் லாரிக்கு 39 நடை. அடியில் உள்ள கழிவு மதகைத் திறந்துவிட்டால் நீரே அதை அள்ளிக்கொண்டு போய்விடும். திறக்க மறந்தால் இரண்டு மூன்று நாளில் தொட்டி, தொட்டியாக இருக்காது. தடுப்பணையின் மணல்போக்கிக்கும் இதே கதி. நீர்வளத் துறை மதகுகளில் இந்த வேலையைப் பார்க்கிறவர் லஸ்கர். மழைவெள்ள இரவில் குடையோடு போய் ஷட்டரைச் சுற்றித் திறப்பவர். எந்த வெள்ளத்தில், எவ்வளவு திறந்தால் பள்ளம் சுத்தமாகும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். மணல்போக்கியை நீர் வற்றிய பிறகு திறந்து பயனில்லை; தள்ளிக்கொண்டு போக நீர் வேண்டுமே. வெள்ளம் வடியத் தொடங்கும்போதே திறந்தாக வேண்டும். அதாவது, நீர் கிடைக்கும்போதே கொஞ்சம் நீரைக் கைவிட வேண்டும். இதற்கு மனம் வராமல்தான் பல தடுப்பணைகள் பாழாகின்றன. ஒப்பந்தப்புள்ளியில் கான்கிரீட்டுக்குக் கணக்கு இருக்கும். லஸ்கர் பணியிடம் காலியாகவே இருக்கும்.

மேலே இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்த சரிவுகளில் கடந்த பல பத்தாண்டுகளாக மரவள்ளி பரவியிருக்கிறது. கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் அதற்கு விலை இருக்கிறது. இம்மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்குக் கையில் காசு வருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கப் பாடுபடுவதற்கு உணவும் விதை வளமும் காரணங்கள். மண்ணும் ஒரு காரணமாக வேண்டும். மரவள்ளி நட்ட முதல் இரண்டு மூன்று மாதம் இலை விரிந்து தரையை மூடுவதில்லை. அந்த நேரத்து மழை நேராக மண்ணில் அடிக்கிறது. அறுவடையில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் மறுபடி கிளறப்படுகிறது. விவசாயியைக் குறைசொல்வது நியாயமில்லை. சரிவுக்குக் குறுக்கே பாத்தி, கல்வரப்பு, ஊடுபயிர், நிழல்மரத்தின் கீழே காப்பியும் மிளகும் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குச் செலவழிக்க வேண்டியவர்களில், கீழே சுத்தமான நீரை எதிர்பார்க்கும் மின்திட்டமும் ஒன்று என்பது என் கட்சி.

மணல் எப்போதும் பகை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையிலிருந்து இறங்கிக் காவிரியைச் சேரும் மணல், அங்கே குடிநீர்த் திட்டங்களுக்கு வடிகட்டி. காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஆற்றுமணலுக்குள் நீர்சேகரிப்புக் கிணறு இறக்கி, அதிலிருந்து பக்கவாட்டில் துளையிட்ட குழாய்களைச் செலுத்தி நீரெடுக்கிறார்கள். மணலின் ஊடே ஊறிவரும் நீர் தெளிந்தே வருகிறது. இந்த வகை வாய்க்கு வண்டல் தொல்லை மிகக் குறைவு. இங்கே மணல் இல்லாமல் போவதுதான் ஆபத்து. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, அணைக்குக் கீழே மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மேலே வேண்டாத மணல், கீழே போதாத மணல். நடுவே தடுப்பணைகள் அதை மறித்துக்கொண்டு நிற்கின்றன. மலையில் மணல்போக்கியைத் திறப்பது கீழே உள்ளவருக்கும் செய்கிற உதவி.

உங்கள் ஊர் ஓடையில் தடுப்பணை கட்டப் போகிறார்கள் என்றால், எவ்வளவு நீர் தேங்கும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். மதகு எந்தக் கரையில் வருகிறது, மணல்போக்கி எங்கே இருக்கிறது, அதை வெள்ளத்தன்று திறக்கப் போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். கிராமசபையில் கேட்டால் பதிவேட்டிலும் ஏறும்.